எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னவர்

பிள்ளைகளே,

போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை மறித்தீர்கள். "அப்பா, யா ஓடர் நைன்?" ஓமா, இல்லையா என்று மூத்தவள் ஜெர்மனில் கேட்டாள். "நீங்கள் எல்லாத்துக்கும் ஓம் எண்டுறீங்கள். பிறகு ஒண்டும் செய்யிறேல்லை. அப்ப அது என்ன ஓம்?" நான் "ஓம், சரியான கேள்விதான்" என்றேன். சின்னவன் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தான்.

அதற்கு வாயால் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைத்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவனுடைய எழுத்து இது. எங்கேயாவது குழம்பினால், பாதிக் குழப்பம் எழுத்திலும் பாதி நடந்ததிலும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிறக்க முன்னர், எண்பதுகளின் நடுவில், சுவிசுக்கு வந்த புதிதில், நான் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் எட்டுப் பேர். எல்லாரும் அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள். ஹோட்டலுக்குப் பின்னால் வேலையாட்களுக்கென்று ஒரு பழைய மரவீடு இருந்தது. அதன் மேல்மாடியில் எங்களை விட்டிருந்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவரை நாங்கள் "ஓம் அண்ணை" என்று கூப்பிட்டோம். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எங்கே இருக்கிறார், எந்தக் கடதாசியோடு இருக்கிறார் என்று தெரியாத ஒருவருடைய பெயரை எழுதி வைக்கக் கூடாது.

தீவுப் பக்கத்து ஆள். எங்களை விடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. யார் என்ன சொன்னாலும் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சரித்து, முழுவதும் கேட்பார். கேட்டு முடிந்ததும் "ஓம்" என்பார். சொன்ன பிறகும் வாய் கொஞ்சம் திறந்தபடியே இருக்கும். அடுத்த சொல் வரப்போகிறது என்று நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். வராது.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஷெஃப், அதாவது தலைமைச் சமையற்காரர், செப்புச் சட்டிகளை வினாகிரி போட்டுத் தேய்க்கச் சொன்னார். ஓம் அண்ணை "யா" என்றார். ஷெஃப் அங்கால் போனதும் இத்தாலிக்காரச் சமையற்காரன் வந்து, வினாகிரி கூடாது, தேசிக்காய்ப் புளிதான் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னான். அதற்கும் "யா". பிறகு இரண்டையும் கலந்து தேய்த்தார். சட்டி பளபளவென்று வந்தது. ஷெஃப் தன்னுடைய வினாகிரியால் என்றார். இத்தாலிக்காரன் தன்னுடைய தேசிக்காயால் என்றான். இரண்டு பேரும் ஓம் அண்ணையின் தோளில் தட்டினார்கள்.

இன்னொன்று, ஜன்னல். குணத்துக்கும் இரத்தினத்துக்கும் ஒரே அறை, ஓம் அண்ணையும் அதில்தான். குணம் எங்கள் வீட்டுப் பகிடிக்காரன். ஜன்னலைத் திறக்காவிட்டால் மூச்சு முட்டும் என்பான். இரத்தினம் மெலிந்த, பயந்த சுபாவம். திறந்தால் விறைத்துச் செத்துப்போவேன் என்பான். இரண்டு பேரும் தனித்தனியாக ஓம் அண்ணையிடம் போய் நியாயம் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் ஓம். அண்ணை தன் பக்கம், அவர் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். குளிர்காலம் முடியும் வரைக்கும் அந்த ஜன்னல் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. சண்டை மட்டும் நின்றுவிட்டது.

இது கெட்டித்தனமா, பேய்த்தனமா என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

ஆனால் சிரிக்க முடியாத ஓமும் இருந்தது. ஒருநாள் அசூல் விசாரணைக்கு அவரைப் பேர்னுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் சுற்றி நின்றோம்.

"என்ன அண்ணை கேட்டவை?" என்றார் தவம் அண்ணை.

தவம் அண்ணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், பியோனாக இருந்தவர். இங்கிலீஷ் தெரியும். அதனால் எங்கள் வீட்டுக்குச் சட்டம், மொழிபெயர்ப்பு, நாட்டு நடப்பு எல்லாம் அவர்தான்.

"எல்லாம் கேட்டவை" என்றார் ஓம் அண்ணை.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னனான்."

"எதுக்கு?"

"கேட்டதுக்கு."

தவம் அண்ணை தலையில் கை வைத்தார். "ஐயோ அண்ணை. உயிருக்குப் பயந்து வந்தனீரோ எண்டு கேட்டிருப்பினம். உழைக்க வந்தனீரோ எண்டும் கேட்டிருப்பினம். ரெண்டுக்கும் ஓமோ?"

ஓம் அண்ணை சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். "ரெண்டும் பொய்யில்லைத்தானே, தம்பி."

பேர்னில் கேட்டவர்கள் அதை எந்த ஓமாக எழுதினார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இனி நடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மாடிக் குளியலறையில் தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் பலகைக்குள்ளால் கீழே இறங்கிவிட்டது. கீழே சலவை அறை. ஒரு கலியாண விருந்துக்கென்று மடித்து வைத்திருந்த வெள்ளை மேசைத்துணி அவ்வளவும் பழுப்பாகிப் போயிற்று. ஷெஃப் மேலே ஏறி வந்தார். முகம் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்துச் சுவிஸ் ஜெர்மனில் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் விரலை நீட்டி ஒரு வசனத்தை மெல்ல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "பிஸ் அம் மேன்டிக் முஸ் ஐனே எம் பற்றோன் கோ சேகே, வாஸ் க்ஸி இஷ்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நாங்கள் தவம் அண்ணையைப் பார்த்தோம்.

"விளங்கினது" என்றார் அவர். "மேன்டிக் எண்டால் திங்கள். பற்றோன் முதலாளி. ஐனே எண்டால் ஒராள். கோ எண்டால் இங்கிலீஷில போ. திங்களுக்கிடையில ஒராள் போகவேணும்."

"கோவுக்குப் பிறகு சேகே எண்டும் சொன்னவன், அண்ணை" என்றான் குணம்.

"அது சாக். வேலையால நிப்பாட்டுறதுக்கு இங்கிலீஷில சாக் எண்டுறது. கோ, சாக். முதலாளி ஒராளைச் சாக் பண்ணப்போறார். ஆர் எண்டு நாங்கள் சொல்லவேணும்."

பிள்ளைகளே, உங்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். எங்களுக்கு வரவில்லை. வேலை போனால் படுக்கவும் இடமில்லை. திரும்ப முகாமுக்குப் போக வேண்டும். அசூல்காரனை இன்னொரு ஹோட்டல் சுலபமாக எடுக்காது. இந்தக் கன்டோனை, அதாவது மாகாணத்தை, விட்டு வேறு கன்டோனுக்கு நினைத்தபடி போகவும் முடியாது. எட்டுப் பேரும் ஆளையாள் பார்த்தோம். பிறகு ஏழு பேர் இரத்தினத்தைப் பார்த்தோம். அன்று விடிய அவன்தான் கடைசியாகக் குளித்தவன் என்று எல்லாருக்கும் நினைவு.

"இரத்தினம், பைப்பைப் பூட்டினனியோ?" என்று கேட்டேன்.

"திறந்தது ஞாபகம் இருக்கு, மச்சான்" என்றான். "பூட்டினது ஞாபகமில்லை. பூட்டாமல் விட்டதும் ஞாபகமில்லை."

மறுநாள் சனிக்கிழமை. மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் வரும் ஓய்வு நேரத்தில் வேலையாட்களின் ரீவி அறையில் உட்கார்ந்திருந்தோம். ஏதோ ஒரு படம் போனது. வேறு நாட்டுப் படம், ஜெர்மன் குரல் போட்டது. ஒரு அறைக்குள் ஆண்களும் பெண்களுமாகப் பன்னிரண்டு பேர். வெளியில் ஒரு பொலிஸ்காரன் கதவைப் பூட்டுகிறான். உள்ளே கதைக்கிறார்கள், கதைக்கிறார்கள், ஒருவரும் வெளியே வருவதில்லை. தேத்தண்ணி மட்டும் உள்ளே போகிறது.

"உவையும் அசூல் கேட்டவை" என்றான் குணம். "பாருங்கோவன். பூட்டி வைச்சிருக்கு, தேத்தண்ணி வருது, பதில் வரேல்லை."

எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. தொப்பி போட்ட ஒரு மனிசி அழுதாள். "அவவின்ர கேஸ் றிஜெக்ற்" என்றான் குணம். நாங்கள் அந்த மனிசிக்காக உண்மையாகவே கவலைப்பட்டோம். ஒரு கிழவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் கொழுவினார். "அவர் இருந்து பாக்கப்போறார்" என்றான். இடைக்கிடை எல்லாரும் கையைத் தூக்கினார்கள். ஒருமுறை நிறையக் கை, இன்னொருமுறை குறையக் கை. அது ஏன் என்று தெரியவில்லை.

தவம் அண்ணை அப்போதுதான் வந்து கதவடியில் நின்று பார்த்தார். "எடேய் விசரங்களே, அது அசூல் இல்லை. யூரிமார்!" என்றார். "கோட்டில வழக்கைக் கேட்டுப்போட்டு, எதிரி செய்தவனோ இல்லையோ எண்டு தீர்ப்புச் சொல்லுற ஆக்கள். எங்கட நாட்டிலயும் இருக்கு. நான் எத்தினை தரம் அவைக்குத் தண்ணி குடுத்திருக்கிறன்." எதிரி என்றால் கோட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவன்.

பிறகு எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கையையும் எண்ணினார். "பாருங்கோ, இப்ப மாறுறான். அந்தக் கண்ணாடிக்காரன் சொன்ன கதைக்கு மாறுறான். எல்லாரும் ஒரு பக்கம் வரவேணும். ஒரு கை குறைஞ்சாலும் தீர்ப்பில்லை." அந்தப் படம் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது முடிய முன்னரே வேலைக்கு நேரமாகிவிட்டது. படிக்கட்டில் இறங்கும்போதே தவம் அண்ணை சொல்லிவிட்டார்: "நாளைக்கு நாங்களும் உப்பிடித்தான் செய்யப்போறம்."

ஞாயிற்றுக்கிழமை அதே அறையில் கூடினோம். தவம் அண்ணை கதிரையை மேசையின் தலைப்பக்கம் இழுத்துப் போட்டார்.

"எங்கட நாட்டில யூரிமார் ஏழு பேர். நாங்கள் எட்டு. நான் நீதிபதி. மிச்சம் ஏழு. கணக்குச் சரி."

"அந்த ஏழுக்குள்ள இரத்தினமும் நிக்கிறான், அண்ணை" என்றான் குணம். "வழக்கே அவனிலதானே."

தவம் அண்ணை இதை யோசிக்கவில்லை. கொஞ்ச நேரம் மேசையைத் தட்டினார். "அவனை எடுத்தால் ஆறு. ஆறு பேரோட வழக்கு நடவாது. அவன் யூரியாவும் இருக்கட்டும், எதிரியாவும் இருக்கட்டும்."

"அப்ப அவனுக்கு ரெண்டு தேத்தண்ணி குடுங்கோ."

"கோட்டில பகிடி விடாதை. சரி. இரத்தினம்தான் பைப்பைப் பூட்டாமல் விட்டவன் எண்டுறவை கையைத் தூக்குங்கோ."

ஆறு கை எழும்பியது. என்னுடையதும் அதில். ஓம் அண்ணையும் தூக்கியிருந்தார். தூக்காதவன் இரத்தினம் ஒருவன்தான்.

"ஒரு கை குறையுது" என்றார் தவம் அண்ணை. "இரத்தினம், யோசிச்சுப் பார்."

இரத்தினம் உண்மையாகவே யோசித்தான். "எனக்குத் தெளிவில்லை அண்ணை. நீங்கள் எல்லாரும் என்னெண்டு முடிவெடுத்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ. விளங்கினால் தூக்குறன்."

இப்படித்தான் எதிரிக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினோம்.

முதலில் குணம். "உவன் லைற்றைப் பூட்டமாட்டான். கதவைப் பூட்டமாட்டான். பைப்பை மட்டும் பூட்டுவானோ?"

ஓம் அண்ணை தலையைச் சரித்துக் கேட்டார். "ஓம்" என்றார். வழக்கத்துக்கு மாறாக அதன் பிறகும் கதைத்தார். "லைற்றைப் பூட்டாதவன் பைப்பையும் பூட்டான். லைற் எரிஞ்சால் தெரியாது, தண்ணி ஓடினால் சத்தம் கேக்கும். ஆனாலும் பூட்டான்."

குணத்துடைய சொல்லைத்தான் திருப்பிச் சொன்னார். எதிர்த்து ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த மெல்லிய குரலில் அது வெளியே வந்து மேசையில் கிடந்தபோது, குணத்துடைய முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "இல்லை அண்ணை... அடிச்சு அப்பிடிச் சொல்லேலாது. சத்தம் கேட்டிருந்தால் பூட்டியிருப்பான்தான்" என்றான்.

அடுத்தது நான். "அண்டைக்கு உவன் வேலைக்குப் பிந்தி ஓடி வந்தவன். அவசரத்தில விட்டிருப்பான்."

"ஓம்" என்றார் என்னைப் பார்த்து. "அவசரத்தில ஓடினவன். நீர் அண்டைக்கு அவனுக்கு முந்தி வந்தனீர், ஆறுதலாக் குளிச்சுப்போட்டு. அவன் அவசரத்தில ஓடினவன். ஓம்."

அன்று நான் ஆறுதலாகக் குளித்தேனா? அதற்குப் பிறகுதான் அவன் குளித்தானா? அல்லது அவன் முகம் மட்டும் கழுவிக்கொண்டு ஓடினானா? அதுவரைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வெள்ளிக்கிழமை, அவர் ஓம் என்றதும் கரைந்து போனது. "எனக்கும் வடிவாத் தெரியேல்லை" என்றேன்.

மற்ற மூன்று பேருக்கும் இதே கதிதான். ஒவ்வொருவரும் தன் காரணத்தைச் சொன்னார்கள். ஓம் அண்ணை ஒவ்வொன்றையும் அன்பாகக் கையில் வாங்கி, ஓம் சொல்லி, திருப்பிக் கொடுத்தார். கொடுத்தது நாங்கள் தந்ததுதான். ஆனால் வாங்கியவனுக்கு அது தன்னுடையது மாதிரித் தெரியவில்லை.

தவம் அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணை, நீங்கள் அவையோட சேர்ந்து கதைக்கிறியளோ, எதிர்த்துக் கதைக்கிறியளோ?"

"ஓம் தம்பி."

"என்ன ஓம்!"

"நீர் கோவிக்கிறது சரிதான்."

தவம் அண்ணை மேசையில் அடித்தார். "சரி, திரும்பத் தூக்குங்கோ. இரத்தினம் பூட்டேல்லை எண்டுறவை?"

ஒரேயொரு கை எழும்பியது. அது இரத்தினத்தின் கை.

"எடேய், ஏன்ரா நீ தூக்குறாய்?"

"நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கிட்டுது அண்ணை" என்றான் இரத்தினம். "லைற்றும் நான்தான் பூட்டுறேல்லை. அவசரமா ஓடினதும் நான்தான். அப்ப பைப்பும் நானாத்தான் இருக்கவேணும். நான் இல்லாட்டி உங்களில ஒராள் போகவேணும். உங்களுக்கு அங்க பிள்ளை குட்டி இருக்கு."

முதல் தடவை எங்கள் ஆறு கை, அவனுடையது இல்லை. இரண்டாம் தடவை அவனுடைய கை, எங்களுடையது இல்லை. தீர்ப்பு இரண்டு தடவையும் ஒரு கையால் தப்பியது. இதற்கு என்ன பெயர் என்று தவம் அண்ணையுடைய கோட்டிலும் இருந்திருக்காது.

அப்போது ஓம் அண்ணை, இரத்தினத்தைப் பார்த்துக்கொண்டே, தன்னுடைய கையையும் மெல்ல உயர்த்தினார்.

"அண்ணை! நீங்கள் அவன் செய்தவன் எண்டுறியளோ?"

"இல்லைத் தம்பி. அவன் தனியத் தூக்கிக்கொண்டிருக்கிறான்."

தவம் அண்ணை எழும்பிவிட்டார். வேலைக்கும் நேரமாகிவிட்டது. "வழக்கு ஒத்திவைக்கப்படுது" என்றார்.

"எந்த நாளைக்கு அண்ணை?" என்று கேட்டான் குணம். "நாளைக்குத் திங்கள்."

அவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

திங்கள் காலையில் நடந்ததை நான் காணவில்லை. குணம் வெறும் போத்தல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் அறையைத் தாண்டிப் போகும்போது கேட்டது இது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஓம் அண்ணை நின்றார். கையைத் துடைக்க ஏப்ரன் இல்லை, காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றாராம். முதலாளி கேட்டார், நீயா? "யா." பைப் திறந்து கிடந்ததா? "யா." அல்லது குழாயில் ஏதும் பழுதா? "யா." முதலாளி பேனையை வைத்துவிட்டு இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு கையை விரித்துச் சிரித்து, ரெலிபோனை எடுத்தாராம். யாருக்கு என்று குணத்துக்குத் தெரியவில்லை. பொலிசுக்கு என்று நினைத்துப் பெட்டியோடு ஓடி வந்துவிட்டான்.

நாங்கள் மேலே போய்ப் பார்க்கும்போது ஓம் அண்ணையின் பை இல்லை. ஸ்டேஷன் பக்கம் பையோடு நடந்து போனதைக் கண்டதாகச் சலவை அறைப் பெண் சொன்னாள். அவருக்குப் பிரெஞ்சுப் பக்கத்தில், ரெனானில், ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். அங்கே போயிருப்பார் என்று நினைத்தோம். அது வேறு கன்டோன். சொல்லாமல் போனவனுடைய கேசை மூடிவிடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

இரத்தினம் கட்டிலில் இருந்து அழுதான். "எனக்காகப் போயிட்டார்" என்றான். குணம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "வெள்ளிக்கிழமை விடிய அண்ணையின்ரை தலை ஈரமாக் கிடந்தது. நான் கண்டனான். அவர்தான் கடைசியாக் குளிச்சவர் போல." பிறகு அவனே, "இல்லாட்டி அது வியாழக்கிழமையோ தெரியாது" என்றான். தவம் அண்ணை, "அந்தாளுக்கு இல்லை எண்டு சொல்லத் தெரியாது. முதலாளி கேட்டார், ஓம் எண்டுட்டார். இதுக்குள்ள வேறை ஒண்டும் இல்லை" என்றார். மூன்றும் உண்மையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவர் பிறகு பாரிசில் இருப்பதாக ஒருவர் சொன்னார். கனடா என்று இன்னொருவர். ரெனானிலேயே வேறு பெயரில் என்று ஒருவர். நான் கேட்டவர்கள் எல்லாரும் நிச்சயமாகச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் நான் பல வருஷம் முன்னுக்குப் பாய வேண்டும். நாங்கள் சோலோதுர்னுக்கு வந்து, மூத்தவள் கிண்டர்கார்டனுக்குப் போகத் தொடங்கிய காலம். ஒருநாள் அவள் பிரஷைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "பாபா, இ முஸ் கோ ட்செண் புட்சே" என்றாள். பல் விளக்கப் போகவேண்டுமாம். "கோ எண்டால் எங்க போறாய்?" என்று கேட்டேன். அவள் என்னை ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "கோ இஷ் நுர் கோ." கோ என்றால் வெறும் கோ. விளையாடவும் கோ, படுக்கவும் கோ, சொல்லவும் கோ. இன்டர்லாக்கன்காரர் அதையே "க" என்பார்கள். எங்களுக்கு அதுதான் காதில் பழகியிருந்தது. ஷெஃப் சூரிச் பக்கத்து ஆள், "கோ" என்றார். கோ சேகே. சேகே என்றால் சொல்வது. திங்களுக்கிடையில் ஒருவர் முதலாளியிடம் போய், என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒருவரும் வேலையை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை.

அதுதான் அன்றைக்கு நான் உனக்குப் பல் விளக்கிவிட மறந்துபோய்க் கதிரையில் இருந்தது, மகள். நீ பிரஷோடு நின்று என்னைத் திட்டினாய்.

ஆனால் இன்டர்லாக்கனில் இது எங்களுக்குத் தெரியாதே. ஓம் அண்ணை போன மறுநாள், செவ்வாய்க்கிழமை, குழாய் திருத்துகிறவர் வந்தார். திங்கள் முதலாளி ரெலிபோன் எடுத்தது அவருக்குத்தான். தொட்டியில் மேலதிகத் தண்ணீர் போவதற்கென்று சுவர்ப்பக்கம் ஒரு ஓட்டை இருக்குமல்லவா, அதற்குள் கம்பியை விட்டு ஒரு பெரிய மயிர்ச் சுருளை இழுத்து எடுத்தார். கறுப்பு மயிர், ஈரமாக, எலி மாதிரி. அது அடைத்திருக்காவிட்டால் பைப் திறந்து கிடந்தாலும் நிலத்துக்குத் தண்ணீர் வந்திருக்காது என்று கையால் காட்டினார். எட்டுப் பேரில் யாருடைய மயிர் என்று எப்படிச் சொல்வது?

"தவம் அண்ணை மட்டும் நிரபராதி" என்றான் குணம். தவம் அண்ணைக்குத் தலையில் மயிர் இல்லை. அதற்கு அவரும் சிரிக்கவில்லை, நாங்களும் சிரிக்கவில்லை.

பிறகு ஷெஃப் மேலே வந்தார். எங்களை எண்ணினார். "வோ இஷ் எர்?" என்றார். அவர் எங்கே? அது எங்களுக்கு விளங்கியது. தவம் அண்ணை, "கோ. யூ சே கோ, ஹி கோ" என்றார். ஷெஃப் புருவத்தைச் சுருக்கினார். ஏதோ கோபமாகக் கேட்டார், பிறகு கோபமில்லாமல் கேட்டார், பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, நாளைக்கு ஆறு மணிக்கு அவர் வேலைக்கு நிற்க வேண்டும் என்று விரலால் ஆறு காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

"அனுப்பிப்போட்டு இப்ப நடிக்கிறான்" என்றார் தவம் அண்ணை. நாங்கள் எல்லாரும் அதை நம்பினோம். மற்றவர்கள் வேலைக்கு இறங்கினார்கள்.

நான் கொஞ்சம் பிந்தினேன். ஓம் அண்ணையின் கட்டில் போர்வை உரிந்தபடி கிடந்தது. ஒருவேளை இரவு திரும்பி வந்தால் என்று சலவை அறையிலிருந்து ஒரு புதுத் துணி எடுத்து வந்தேன். ஹோட்டல் அறைகளில் விரிப்பது போல, நான்கு மூலையையும் இழுத்து, மடித்து, மெத்தைக்குக் கீழே செருகினேன். ஒரு மூலை சரியாக வரவில்லை. அதை உருவி எடுத்துத் திரும்பவும் செருகினேன். தலையணையைத் தட்டி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன்.